மீன்களுக்குப் பந்தி வைக்கிறவர்

"இவனோட வயித்தப் பாரு. போட்டோவுக்கு நிக்கற மாப்பிள்ளை மாதிரி உள்ள இழுத்துக்கிட்டு நிக்கறான். பட்டினி கெடந்திருக்கான், வேண்டாம். பக்கத்துல இருக்கற அம்மா நல்லா மூச்சு விடறாங்க. ஆனா வந்த எடத்துல வம்பு வளக்கற மூஞ்சி. அதுவும் வேண்டாம்."

இதைச் சொல்லும்போது செயில்பெக்கின் மூக்கு மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. சொல்லி முடித்ததும் மூக்கை எடுக்காமலே அடுத்த தொட்டிக்கு நகர்கிறார். கடைக்காரர் அர்காதி பாக் ஒரு துணியோடு பின்னாலேயே வந்து மூக்குத் தடத்தைத் துடைக்கிறார். எங்கள் அல்மாத்தி நகரத்தில் வளர்ப்புக் கடல் மீன் விற்கும் கடைகள் வேறு சிலவும் உண்டு. அங்கெல்லாம் செயில்பெக்கை மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் பாக்கின் கடைக்கு மட்டும்தான் வருவார்.

மெதுவாகப் பேசுவது அவர் தொழிலுக்கு ஒத்துவராது. கல்யாணங்களை நடத்திக் கொடுக்கிறவர் அவர். மண்டபத்தில் மைக்கைப் பிடித்தால், யார் முதலில் வாழ்த்துவது, யார் பாடுவது, எந்தப் பெரியப்பாவை எந்த மேசையில் உட்காரவைத்தால் சண்டை வராது என்பதெல்லாம் அவர் முடிவுதான். வாரக் கடைசியில் மனிதர்களுக்குப் பந்தி வைப்பார். மற்ற நாட்களில் மீன்களுக்கு.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவருடைய தொட்டி நிற்கிறது. என் சோபாவை விட நீளம், என் தோள் உயரம். அதன் கனம் தாங்குவதற்காக நிலவறையில் என் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார். உள்ளே பவளப் பாறை, அதில் குகைகள், மேடுகள், மணல் வெளி. உப்பு வாளி வாளியாக வருகிறது. அவரே கலக்கி, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து, "கடல்!" என்பார். உப்பை அளக்கக் கருவி இருக்கிறது. நாக்கில்தான் அவருக்கு நம்பிக்கை. ஆனால் கடலை அவர் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒரு முறை அந்தால்யா கடற்கரைக்குப் பயணச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள். இவர் போகவில்லை. கடலைப் பார்க்கப் போய்விட்டால் வீட்டில் இருக்கும் கடலை யார் பார்த்துக்கொள்வது? மனைவி குல்பாஷ் தன் தங்கையோடு போய்விட்டு வந்தாள்.

குழந்தைகள் பார்த்ததும் பெயர் சொல்லிக் கத்துமே, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன், அது அவரிடம் கிடையாது. கேட்டால், "அது எல்லாக் கல்யாணத்துலயும் போடற பாட்டு அக்கா. நம்ம வீட்டுல எதுக்கு?" என்பார். அவரிடம் இருப்பதெல்லாம் வேறு மாதிரி. ஒன்று பாறைக் கூரையின் அடியில் தலைகீழாகவே நீந்தும். முதல் முறை பார்த்தபோது, "தம்பி, இது முடிஞ்சுபோச்சு, எடுத்துடு" என்றேன். இன்றைக்கும் தலைகீழாக, கொழுகொழுவென்று இருக்கிறது. இன்னொரு ஜோடி மணலில் குழி தோண்டி உட்கார்ந்திருக்கும். ஒன்று தன் குழியிலிருந்து வாய் நிறையக் கல்லை அள்ளிக்கொண்டு போய் அடுத்ததன் குழியில் துப்பும். அது திரும்ப அள்ளிக்கொண்டு வந்து இங்கே துப்பும். எங்கள் மாடிப்படியில் குப்பைப் பை இப்படித்தான் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போகிறது.

மீன் தேர்ந்தெடுக்கும்போது அழகை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதல் கேள்வி, "இத யார் பக்கத்துல ஒக்கார வெக்கறது?" கூச்சக்காரர்களை முதலில் அழைத்து நல்ல குகையைக் கொடுத்துவிட வேண்டும். சண்டைக்காரர்கள் கடைசியில் வர வேண்டும். கல்யாண மண்டபத்திலும் அதே கணக்குதான் என்கிறார். தொட்டியில் கடைசியாக வந்து, இப்போது எல்லாரையும் விரட்டிக்கொண்டு திரியும் ஊதா நிற மீனுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சம்பந்தி.

புது மீன் வந்தால் கண்ணாடி மேல் வெள்ளைத் துணி கட்டுவார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார். புது மருமகளின் முக்காட்டை விலக்குகிற மாதிரி, கோலால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பாட்டிலேயே அறிமுகம் செய்வார்.

"ஊதாச் சட்டை சம்பந்தி, ஓரமா நின்னு கும்பிடு!
மோதாம நீ இருந்தா, மூணு வேளையும் சாப்பிடு!"

ஒவ்வொரு பாட்டுக்கும் எங்களில் ஒருவர் எழுந்து முகம் பார்த்த சீராக ஒரு இறாலைப் போட வேண்டும். மூன்றாம் மாடிக் கிழவர் இதற்காகக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்.

இவ்வளவு விளையாட்டிலும் ஒரு விதியை மட்டும் அவர் மாற்றுவதில்லை. தன் கண் முன்னால் சாப்பிடாத மீனை வாங்க மாட்டார். ஒரே ஒரு தடவை மீறினார். புல் தண்டு போல மெலிந்த ஒரு மீன், அழகில் மயங்கி வாங்கி வந்தது, எதையும் தொடாமலே செத்துப்போயிற்று. அந்த வாரம் அவர் நடத்திய கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாளாம். "ஆமா" என்றாராம் இவர்.

போன வாரம் பாக்கின் சரக்குப் பெட்டியில் ஒரு மீன் வந்தது. கறுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் பொட்டு, இரவு வானத்தை வெட்டித் தைத்த மாதிரி. வியாபாரத்தில் அதற்கு வால்நட்சத்திரம் என்று பெயர். பயந்தால் தலையைப் பொந்துக்குள் விட்டுக்கொண்டு வாலை வெளியே வைத்திருக்கும். வால் பக்கம் கண் மாதிரி ஒரு பொட்டு. பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய விலாங்கு எட்டிப்பார்ப்பது போலிருக்கும். செயில்பெக் பல வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து இரைக்கு வாய் திறக்கவில்லை.

"அக்கா, நீங்க வார்டுல எத்தனையோ சாப்பிடாத கேஸப் பாத்திருப்பீங்க. வந்து ஒரு தடவ பாருங்க" என்று என் கதவைத் தட்டினார். நான் நரம்பு நோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மீனுக்கு வைத்தியம் தெரியாது. ஆனாலும் போனேன். குல்பாஷ் வண்டி ஓட்டினாள். பேசுவதற்கே அவருக்கு இரண்டு கையும் தேவைப்படும் என்பதால் அவரை ஓட்ட விடுவதில்லை.

கடையில் பாக்கின் முகம் சரியில்லை. "அண்ணே, இன்னிக்குத்தான் கடைசி. சாயந்தரம் கரோக்கே ஹாலுக்காரர் வர்றாரு. முன் வாசல்ல வெக்க கறுப்பா ஒரு மீன் வேணுமாம். சாப்புடுதா இல்லையான்னு அவரு கேக்க மாட்டாரு."

"கரோக்கே ஹால்லயா? ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயா?"

"நீங்க எடுத்துக்கிட்டா நான் அவர்கிட்ட இல்லைன்னு சொல்லிடுவேன். எடுத்துக்கறீங்களா?"

செயில்பெக் தொட்டியின் பக்கம் திரும்பினார். போன தடவை செத்ததை நினைத்துக்கொண்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். பாக் உயிருள்ள இறால்களைத் தொட்டியில் விட்டார். இவர் கையை விரித்து ஆரம்பித்தார்.

"வாங்க ஐயா, வாங்க! கூச்சப்படாதீங்க! தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, பசியா இருக்கும். ஒரு வாய், எனக்காக ஒரு வாய்! எடுக்கலன்னா நான் கோச்சுக்குவேன்! எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?"

"அண்ணே, அது வாலு" என்றார் பாக். "தல பொந்துக்குள்ள இருக்கு."

செயில்பெக் பொந்தின் மறுபக்கம் போய்க் குனிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குல்பாஷ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "இந்தச் சத்தத்துல எனக்கே ஒரு வாய் டீ எறங்காது. அது பாவம், பொந்துலயாவது ஒளிஞ்சுக்குது. எனக்கு அதுவும் இல்ல."

நான் அந்தப் பக்கமாகப் போய் மீனின் செவுளைப் பார்த்தேன். செயில்பெக் பேசும்போது செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு வாங்க நிறுத்தினால் அதுவும் தணிந்தது. திரும்பப் பேசினார், திரும்ப அடித்தது. பார்க்கப் பழகிய காட்சிதான். எங்கள் ஊரில் நோயாளியைச் சுற்றி ஆறு சொந்தக்காரர்கள் நின்று, எடு, எடு, இன்னும் ஒரு கரண்டி என்பார்கள். நோயாளி வாயை இறுக்கிக்கொள்வார். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கிண்ணத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, நான் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போவேன். திரும்பி வரும்போது பாதி காலியாகியிருக்கும்.

"தம்பி, வாய மூடு. முதுகத் திருப்பிக்கிட்டு ஒக்காரு."

"விருந்தாளிக்கு முதுகு காட்டறதா! எங்க ஏழு தலைமுறையில ஒருத்தர் செஞ்சதில்ல அக்கா!"

"நீ செய். அது ஒன் தலைமுறையப் பத்திக் கேக்கப் போறதில்ல."

பாக் அந்த வரிசையின் விளக்கை அணைத்தார். நாங்கள் நால்வரும் எதிர் வரிசையைப் பார்த்தபடி முக்காலிகளில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு வெற்றுத் தொட்டி. அதன் இருண்ட கண்ணாடியில் பின்னால் இருந்த தொட்டி மங்கலாகத் தெரிந்தது.

செயில்பெக் பேசாமல் இருப்பதைப் பார்க்கவே எனக்கு வேர்த்தது. அவர் முழங்கால் ஆடியது. காது சிவந்தது. வலது கை இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து போன் வந்து பையில் அதிர்ந்தது. பார்க்காமலே அமுக்கி அணைத்தார். வாய் மட்டும் சத்தமில்லாமல் எடுங்க, எடுங்க என்று அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா," குல்பாஷ் என் காதில் கிசுகிசுத்தாள், "கல்யாணம் ஆனதுலேருந்து இவரு மூச்சு விடற சத்தம் எனக்கு இன்னிக்குத்தான் கேக்குது." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்து பாக்கின் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. செயில்பெக் எங்கள் மூவரையும் முறைத்த முறைப்பில் ஒரு மண்டபமே அடங்கியிருக்கும்.

அப்போது எதிர்க் கண்ணாடியில் வால் மறைந்தது.

சிரிப்பு நின்றது. கறுப்புத் தலை ஒன்று பொந்தின் வாயில் வந்து நின்று, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெல்ல வெளியே மிதந்தது. அத்தனை துடுப்பையும் விசிறி போல விரித்தது. இறாலைப் பார்க்காதது மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிற்று. இறாலும் அதைப் பார்க்காதது மாதிரி நின்றது. பிறகு அங்கே இறால் இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் இல்லை.

பாக் போனை எடுத்து, சத்தம் வராமல் விரலால் தட்டிக் கரோக்கே ஹாலுக்காரருக்குச் செய்தி அனுப்பினார். திரையை எங்களுக்குக் காட்டினார்: "மீன் போயாச்சு. மன்னிக்கவும்."

செயில்பெக் எழுந்தார். கோட்டுப் பைக்குள் கை விட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் மிஞ்சிய மிட்டாய்களை ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார். நல்லது நடந்தால் மிட்டாயைத் தலைக்கு மேலே வாரி இறைப்போம். அது தரையில் சடசடவென்று கொட்ட வேண்டும், ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பொறுக்க வேண்டும். அவர் கை தலைக்கு மேலே போயிற்று. அங்கேயே நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். வால்நட்சத்திரம் மூன்றாவது இறாலை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. கையை இறக்கினார். குந்தி உட்கார்ந்து, மேல்தாள் சரசரக்காதபடி இரண்டு விரலால் பிடித்து, மிட்டாய்களை ஒவ்வொன்றாக எங்கள் காலடியில் வைக்க ஆரம்பித்தார்.