வால் முளைத்த ‘ம்’

ஜெயகரனின் எழுத்து நேராக நிற்காது. ராபர்ட்சன்பேட்டையில் அதற்காகவே அவனைத் தேடி வந்தார்கள். பென்சில் கோடு கிடையாது, ஸ்கேல் கிடையாது. பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தோய்த்து ஒரே இழுப்பு. சோடாக்கடைப் பலகையில் எழுத்து பொங்கி வழியும். சலூன் பலகையில் சீவிவிட்ட முடிபோல வளையும். ஜவுளிக்கடையின் தீபாவளித் தட்டியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும்.

1964இல் அவனுடைய அப்பா இறந்தார். முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சுரங்கக் கம்பெனி கொடுத்த ஊரிகத்து லைன் வீடு அவர் பெயரில் இருந்தது. வீட்டில் யாராவது கம்பெனி வேலையில் இருந்தால்தான் வீடு. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மனைவி மரியகுழந்தைக்கு அப்போது எட்டாம் மாதம்.

கம்பெனியில் பெயின்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆட்கள் கேஜ் என்ற கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாசலுக்கு ‘அபாயம்’ என்று ஒரு பலகை எழுதிக் காட்ட வேண்டும். ஃபோர்மன் கொர்னேலியஸ் அவன் எழுதியதைத் தள்ளி நின்று பார்த்தார்.

“இன்னாப்பா இது? அபாயம்னு எழுதச் சொன்னா வாங்க வாங்கன்னு கூப்புடுது. கேஜ்ல ஏர்றவன் இன்னா சினிமாவுக்கா போறான்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயகரனும் சிரித்து வைத்தான்.

மறுமுறை ஸ்கேல் வைத்து எழுதினான். மூன்று எழுத்து நேராக நின்றது. கடைசி ‘ம்’ வந்ததும் கை தானாகச் சுழன்று வாலை இழுத்துவிட்டது.

“வாலாட்டுதுப்பா” என்றார் கொர்னேலியஸ். “சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுதிக்கினு வா. பாலகாட் லைன்காரன் ஒருத்தன் இந்த வேலையக் கேட்டுக்கினே இருக்கான்.”

நான்கு நாள் எழுதினான். கதவில், அடுப்பங்கரைச் சுவரில், முறத்தின் முதுகில். எல்லா ‘ம்’மும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சனிக்கிழமை காலை, முடியாது என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

“டிரங்குப் பெட்டி மேல பேராவது எழுதுங்க. ரயில்ல மாறிடப் போவுது” என்றாள் மரியகுழந்தை. எந்த ரயில் என்று அவளுக்கும் தெரியாது.

‘ஜெயகரன், ஊரிகம்’ என்று எழுதினான். எங்கேயோ பார்த்துக்கொண்டு எழுதினான்.

“ஏங்க, இந்த ‘ம்’முக்கு வால் இல்லீங்க.”

குனிந்து பார்த்தான். எழுத்தெல்லாம் கம்பி நட்டதுபோல நின்றது. பெட்டியிலிருந்த துணியைத் தரையில் கொட்டினான். வெறும் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு ஓடினான்.

கொர்னேலியஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதான்யா எழுத்து! இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?” ஒரு பலகையை எடுத்து நீட்டினார். “என் கண்ணு முன்னால ஒரு தபா எழுது. இன்னிக்கே உன் பேரச் சேத்துடறேன்.”

வீடு தப்பித்தது. குழந்தை அங்கேயே பிறக்கும். ஜெயகரன் பிரஷ்ஷைத் தோய்த்தான். அ. பா. ய.

கொர்னேலியஸ் அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். ‘ம்’ பலகையின் விளிம்புவரைக்கும் ஓடியிருந்தது.