இலங்கை மழையும் எங்கள் உளுந்தும்

ஏட்டிகளா, அப்பா தூங்கிவிட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நாளை வகுப்பில் சத்தமில்லாமல் கைமாற்றிப் படியுங்கள்.

எங்கள் உளுந்து முற்றிவிட்டது. அறுப்பை இன்னும் தள்ளினால் நெற்று வெடித்து மணியெல்லாம் மண்ணில் கொட்டிவிடும்.

மெட்ராஸ் ரேடியோ இந்த வாரம் மழையில்லை என்கிறது. இலங்கை ரேடியோ கனமழை என்கிறது. அப்பா நம்புவது இலங்கையைத்தான். எங்கள் வீட்டில் அதுதான் கரகரப்பில்லாமல் கேட்கும். அறுத்துப் போட்டது நனைந்துவிடும் என்று அறுப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் சித்தப்பா வந்து, “அண்ணே, மெட்ராஸ்காரன் இப்ப கம்ப்யூட்டர் வச்சுல்லா பாக்கான்!” என்றார்.

“கம்ப்யூட்டரா நனையப்போவுது? என் உளுந்துல்லாலே நனையும்!”

பெரியவர்கள் பேச்சில் நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“அப்பா, இலங்கைக்காரன் சொல்லுதது அவன் ஊரு மழையில்லா?”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். சித்தப்பா சிரித்த சிரிப்பில் படுத்திருந்த மாடு எழுந்துவிட்டது.

“ஏட்டி, இத மொதல்லயே சொன்னா என்ன?” என்று கேட்டுவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அறுப்புக்கு ஆள் சொல்லப் போனார்.

விடிந்தால் அறுப்பு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருவேளை மழை பெய்துவிட்டால், யார் வீட்டில் நான் ஒளிந்துகொள்ளலாம்? இந்தத் தாளின் ஓரத்தில் பேரை எழுதுங்கள்.