அலமாரிக்குள் இருந்த குட்டைத் தூண்டில்

நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய கோடையில் என் கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். சென்னையில் கலியாணம் முடித்து இரண்டு கிழமை ஒன்றாக இருந்தோம். பிறகு தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு விசா கிடைக்கும்வரை தொலைபேசியில்தான் குடும்பம் நடந்தது. தொலைபேசியில் ஒரு மனிதனின் குரலைப் பழகிக்கொள்ளலாம். ஆளைப் பழக முடியாது.

ஸ்காபரோவில் அவருடைய அப்பாட்மென்றுக்கு வந்த மறுநாள், அவர் வேலைக்குப் போனதும் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தேன். குளிர்ச்சட்டைகளுக்குப் பின்னால் தூண்டில் தடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஆளுயரத் தடிகள். அவற்றுக்கிடையில் ஒன்று மட்டும் குட்டை. என் கை நீளம்கூட வராது. கைபிடி சின்னது, அதில் பூட்டியிருந்த, நூல் சுற்றும் றீலும் சின்னது. ஒரு சின்னப் பிள்ளை பிடிக்கிற அளவு.

எடுத்த இடத்திலேயே அதைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். அவர் வந்து சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"மீன் பிடிக்கப் போறனீங்களோ?"

"ஓம், ஞாயிற்றுக்கிழமையளில. பாஸ் எண்டு ஒரு மீன். கொழுவினா நல்லா இழுக்கும். ஒஷாவாவுக்கு அங்கால ஒரு ஏரி இருக்கு."

"ஆரோட போறனீங்கள்?"

"தனியத்தான்."

தனியப் போகிறவருக்குப் பிள்ளைத் தூண்டில் எதற்கு? அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடேயே எழும்பியது, என்னோடேயே படுத்தது.

முதல் ஞாயிறு விடியப் போனவர் பின்னேரம் வெறுங்கையோடு வந்தார். மீன் எங்கே என்றேன். "பிடிச்சனான். திரும்ப ஏரிக்குள்ள விட்டிட்டன்" என்றார். நான் கடற்கரைப் பக்கத்தில் வளர்ந்தவள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்ட மனிதனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

எங்களுடைய மாடியில் ஒரு அன்ரி இருந்தா. வந்த நாளிலிருந்து எனக்கு பஸ் பிடிக்கவும் கடைக்குப் போகவும் துணை அவதான். அவவிடம் மெல்லச் சொன்னேன். தடியைப் பற்றி அல்ல, மீன் வராததைப் பற்றி மட்டும்.

"பிள்ளை, மீன் பிடிக்கப் போனவன்ர சேட்டில மீன் மணக்க வேணும்" என்றா அன்ரி. "எடுத்து மணந்து பாரும்."

அழுக்குக் கூடைக்குள் கிடந்த சேட்டை எடுத்து மணந்தேன். மீன் மணம் இல்லை. பெருஞ்சீரகம் மணந்தது. இரண்டு கைகளின் முனையிலும் தெளிவாகப் பெருஞ்சீரக மணம். நான் வந்த பிறகு பெருஞ்சீரகம் போட்டு ஒன்றும் சமைக்கவில்லை. வீட்டில் அது இருக்கவும் இல்லை. அப்படியானால் ஒஷாவாப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சமையலறை இருக்கிறது. அங்கே தூண்டில் பிடிக்கிற வயதில் ஒரு பிள்ளையும் இருக்கிறது. என் மனம் கணக்கை முடித்துவிட்டது.

அடுத்த கிழமை முழுவதும் அவர் என்ன சொன்னாலும் அதற்குள் வேறொன்று தேடினேன். சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே, "நாளைக்கு நானும் வாறன்" என்றேன்.

வேண்டாம் என்பார், சாட்டுச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"அப்ப உமக்கொரு தடி வாங்க வேணும்."

"அலமாரிக்குள்ள இருக்கிறதில ஒண்டும் எனக்குச் சரிவராதோ?"

"அது ஒண்டும் உமக்குச் சரிவராது" என்றார், என்னைப் பார்க்காமலே.

ஞாயிறு காலை, ஒஷாவா தாண்டி ஏரிக்குப் போகிற வழியில் ஒரு தூண்டில் கடையில் காரை நிறுத்தினார். பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில் பலகையால் அடித்த கொட்டில். உள்ளே தாடி வைத்த ஒரு பெரிய வெள்ளைக்காரர் இவரைக் கண்டதும் கை காட்டினார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், வேகமாகப் பேசினால் பிடிபடாது. கடைக்காரர் நீளமாகப் பேசினார். இவர் அதை, "உது நல்லதாம்" என்று இரண்டு சொல்லில் முடித்தார். மிச்சச் சொற்கள் எங்கே போயின?

கடைக்காரர் ஒரு தடியை என் கையில் தந்து, நுனியைப் பிடித்து வளைத்துக் காட்டினார். மிக மெல்லிய தடி என்றால் மீன் தொடுவது தெரியும், ஆனால் பாஸின் வாயில் தூண்டில் முள் இறங்காது. மிகத் தடித்தது என்றால் கை நோகும், கடிபடுவதும் தெரியாது. நடுத்தரமாக ஒன்றைத் தெரிவு செய்தேன். என்னிலும் கொஞ்சம் உயரம், ஆனால் பாரமில்லை.

தங்கூசி நூல் எடுக்கும்போது எனக்குத் தடித்ததுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் மெல்லியதை நீட்டினார். அது அறுந்தால் நான் திரும்ப வாங்க வரவேண்டும் என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குள் ஓடியது. அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து இரண்டையும் அமிழ்த்தினார். தடித்தது கயிறு மாதிரித் தெரிந்தது. மெல்லியதைக் காணவில்லை. மெல்லியதையே எடுத்தேன்.

பிறகு பொய் இரைகள். தகட்டில் மினுங்குபவை, மரத்தில் செய்து கண் வைத்த குஞ்சு மீன்கள். கடைசியாக றப்பரில் செய்த ஊதாப் புழுக்கள். ஊதா நிறத்தில் உலகத்தில் எங்கே புழு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் பையைப் பிரித்து என் முன் நீட்டினார்.

பெருஞ்சீரகம் மணந்தது.

"உதென்ன மணம்?" என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"உந்த மணத்துக்குத்தான் பாஸ் புழுவைக் கவ்வினா விடாதாம். எங்கட கை மணமும் அதுக்குத் தெரியாது. சேட்டெல்லாம் பிரண்டு மணக்கும், பரவாயில்லை."

நான் பையைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் மூலையில் கிடந்த பீப்பாய் கண்ணில் பட்டது. அதற்குள் தூசி படிந்து ஒரு கட்டுக் குட்டைத் தூண்டில்கள். எல்லாம் அந்த அலமாரித் தடியின் அளவு. நானே போய் ஒன்றை இழுத்தெடுத்து, கடைக்காரரைப் பார்த்து, ஆங்கிலத்தில் கேட்டேன். "பிள்ளைகளுக்கோ?"

அவர் தலையாட்டி, ஐஸுக்கு என்றார்.

"மாரியில ஏரி உறைஞ்சு போகும்" என்றார் என் கணவர். "மேல நடந்து போய், ஓட்டை போட்டு, அதுக்குப் பக்கத்தில இருந்து பிடிக்கிறது. நீளத் தடி அதுக்குச் சரிவராது. என்னட்டயும் ஒண்டு கிடக்கு."

ஏரிக்கு மேல் நடப்பதாம். நான் இன்னும் ஒரு பனிக்காலமும் காணாதவள். இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றித் தந்தார். வெள்ளை வெளியில் ஆண்கள் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் குட்டைத் தூண்டில். பின்னால் ஒரு ட்ரக் நின்றது. தூண்டிலை நம்பினேன். ஏரிக்கு மேல் ட்ரக் நின்றதை நம்ப எனக்கு அடுத்த தை மாதம் வரை எடுத்தது.

காரில் கொஞ்சத் தூரம் போனதும் சொன்னேன். "உங்களுக்கு எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கெண்டு நினைச்சன்."

காரை ஓரம் கட்டி நிறுத்தினார். தடி, மணம், விட்ட மீன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லையெண்டுவீங்கள். இருந்தாலும் அதைத்தான் சொல்லுவீங்கள், இல்லாட்டியும் அதைத்தான் சொல்லுவீங்கள்."

"அது சரிதான்" என்றார். பிறகு, "நான் வேற நினைச்சன். வந்த நாளிலயிருந்து நீர் என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. என்ர சாமான்களைத்தான் பாக்கிறீர். வந்தது பிழையெண்டு நினைக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்."

அவரும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு, ஏனென்று தெரியவில்லை, ஆறுதலாக இருந்தது.

ஏரிக்கரையில் முதலில் எறிந்ததெல்லாம் பற்றைக்குள் சிக்கியது. அவர் பொறுமையாக எடுத்துவிட்டார். வெயில் ஏறும் நேரத்தில், கரையோரப் பாசிக்குப் பக்கத்தில் நான் இழுத்த புழுவை ஏதோ தட்டியது. பிறகு தடி வளைந்தது. றீல் கிறீச்சிட்டது. மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி வாயைத் திறந்து தலையை உதறியது. "நூலை விட்டுக் குடும், விட்டுக் குடும்" என்று அவர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார். என் தடியைத் தொடவில்லை.

கரைக்கு எடுத்ததும், பச்சையும் கறுப்புமாகப் பளபளத்த அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுவமோ? இஞ்ச கனபேர் விளையாட்டுக்குப் பிடிச்சுப்போட்டு விடுறவை" என்றார்.

"நீங்கள் பிடிச்சா விடுங்கோ. இது என்ர."

அதைக் கொண்டுவந்து நல்ல உறைப்பாகக் குழம்பு வைத்தேன். இறுகின வெள்ளைத் தசை, முள்ளும் அதிகமில்லை. இத்தனை காலம் பிடித்தும் பாஸ் சாப்பிடுவது இதுதான் முதல்தடவை என்றார். அதை நம்புவதா இல்லையா என்று யோசித்தேன். பிறகு, இன்னொரு துண்டு எடுத்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டேன்.