பகலில் தூங்குகிறவளின் அறை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் கடுகு. ஆள் சிறிசு, பொரிய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்க முடியாது. தீக்காய வார்டில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். டாக்டர்களே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் வீட்டு வாசற்படி ஏறியதும் அந்தக் கடுகு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவளேதான் இரவுப் பணியைக் கேட்டு வாங்கினாள். பிள்ளை வளர்ந்து கல்லூரி விடுதிக்கும் போயாயிற்று. இரவுப் பணி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. செய்கிறவள் தலையில்தானே எல்லாரும் கட்டுவார்கள்!

இரவில் வேலை பார்க்கிறவள் பகலில்தான் தூங்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் அந்த வீட்டில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. காலையில் வந்து படுத்தால், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, எழுந்திரு. அலமாரிச் சாவியைக் காணோம், எழுந்திரு. அப்புறம் நாத்தனாரின் போன். "இன்னுமா தூங்கறே? மணி பதினொண்ணாச்சு!" நடுராத்திரியில் யாராவது நமக்குப் போன் போட்டு இப்படிக் கேட்டால் சும்மா விடுவோமா? அவள் விட்டாள், வருஷக்கணக்காக.

போதாததற்கு அந்த அறை. கிழக்கே பெரிய ஜன்னல், நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். திரையின் ஓரத்தில் நுழைகிற வெயில் சுவருக்குச் சுவர் பட்டு அறையையே பளீரென்று ஆக்கிவிடும். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பாள். போன மாதம் வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போடப் போகும்போது கண் சொருகியதில் மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டாள். கூட இருந்தவள் கையைப் பிடித்திராவிட்டால் வேறு மருந்து ஏறியிருக்கும். இனி இந்த அறையை இருட்டாக்காமல் விடுவதில்லை என்று பெயிண்ட் கடைக்குக் கிளம்பினாள்.

கலர் அட்டையில் அவள் விரல் வைத்தது கருநீலத்தின் மேல். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"பெட்ரூமுக்காம்மா? லைட்டா எடுங்க. ரூம் பெருசாத் தெரியும்."

"எனக்கு ரூம் பெருசாத் தெரிய வேணாம். ரூமே தெரிய வேணாம்" என்றாள்.

கண் முன்னால் கலக்கச் சொல்லி, மூடியை அழுத்தி, டின்னைத் தானே தூக்கி வந்தாள். பெயிண்டர் பிடிப்பது அதைவிடப் பெரிய பாடு. முதலில் வந்தவன் சுவரைக்கூடப் பார்க்காமல் "சார் எப்ப வருவார்?" என்று கேட்டான். வந்த வழியே போனான். அடுத்தவனும் அதையேதான் கேட்டான். மூன்றாவதாக வந்த மேஸ்திரி நிறத்தைக் கேட்டார், சுவரைத் தட்டிப் பார்த்தார், "சரி சிஸ்டர்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

வேலை நடக்கும் நாளில் அவள் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தாள். "சிஸ்டர் தூங்குறாங்க, சத்தம் வரக் கூடாது" என்று மேஸ்திரி தன் ஆட்களிடம் சொன்னது காதில் விழுந்தது. கட்டிலை இழுக்காமல் தூக்கி வைத்தார்கள். பக்கெட்டைச் சாக்கின் மேல் வைத்தார்கள். பேச்சு கூடக் குசுகுசுவென்றுதான். அந்த வீட்டில் அவளுக்காக யாரும் இப்படிச் செய்ததே கிடையாது. அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. மேஸ்திரிக்கு வாய் நிறைய நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அறைக் கதவைத் திறந்தாள்.

சந்தன நிறம். நாலு சுவரும் சந்தன நிறம்! முன்பிருந்த வெள்ளையே தேவலை என்னும்படி பளபளவென்று மின்னியது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மேஸ்திரி கையைப் பிசைந்தார். "டின்னைத் திறந்தா ஒரே இருட்டா இருந்துச்சு சிஸ்டர். கடையில மாத்திக் கொடுத்துட்டாங்களோன்னு சந்தேகம். நீங்க அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல. சாருக்குப் போன் போட்டேன்."

சார் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா, படுக்கிற அறையில் யாராவது கறுப்படிப்பார்களா என்றாள். சார் கடைக்குச் சொல்லிச் சந்தனத்தை அனுப்பிவிட்டார். அவளுடைய தூக்கத்தை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்தார்கள், அவள் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும்போதே!

ஆபீஸிலிருந்து வந்த கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "உன் நல்லதுக்குத்தான். பாவம், தூங்கறியேன்னுதான் எழுப்பல."

ஆஸ்பத்திரிக் கடுகு அன்றைக்குத்தான் முதல் முறையாக வீட்டுக்கு வந்தது.

"சிலிண்டருக்கு எழுப்புனீங்க. சாவிக்கு எழுப்புனீங்க. உங்க சட்டை பட்டன் அறுந்ததுக்கு எழுப்புனீங்க. உங்க அக்கா என்ன சமையல்னு கேக்கறதுக்கு எழுப்புனீங்க. இத்தனை வருஷத்துல இன்னைக்கு ஒருநாள்தான் உங்களுக்கு என் தூக்கம் தெரிஞ்சுதா?"

"அதுக்கில்ல... அடிச்சது அடிச்சாச்சு. நல்லாத்தானே இருக்கு?"

"யாருக்கு?"

அவள் வார்டுக்குப் போன் போட்டு அன்றைக்கு வர முடியாது என்றாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "நாளைக்கு வாங்க. என் டின் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூலை இழுத்து அறைக்கு நடுவில் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். பகலில் தூங்கிப் பழகிய கண் எரிந்தது. எழுந்திருக்கவில்லை. ரோலர் ஏறி இறங்க, நீலம் சுவரை மெல்ல விழுங்கிக்கொண்டே வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கணவர் ஹாலில் மின்விசிறியைச் சுழலவிட்டுக் கையைக் காலை நீட்டிப் படுத்தார்.

மேஸ்திரி பின்வாங்கி நின்று சுவரைப் பார்த்தார். "ஒரு கோட்டுக்குச் சந்தனம் எட்டிப் பார்க்குது சிஸ்டர். இன்னொரு கோட்டு போட்டா சுத்தமா இருட்டாயிடும். எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை..."

அவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சார் தூங்குறார், எழுப்பாதீங்க" என்றாள். "நீங்க அடிங்க."