அதுவும் மாத்திரையில் சேருமா

வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் வந்து பல நாளாயிற்று. காபிச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து வந்த பிடிப்பு என்றுதான் இருந்தேன். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி.

"குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பக்கத்திலிருந்த என் கணவர் சிரித்துவிட்டார். "குடிக்கிறது நானுங்க. ஈரல் இவளுதா கெட்டுச்சு?"

"தினமும் ஏதாவது மாத்திரை?"

"இல்லைங்க" என்றேன்.

"காய்ச்சலுக்கே போடமாட்டாளுங்க" என்றார் அவர்.

"கருத்தடை மாத்திரை?"

சின்னவள் பிறந்ததிலிருந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல, ராத்திரியானால் அதை விழுங்கி வருகிறேன். அவளுக்கே இப்போது கல்யாண வயது.

"அதுங்களா? அதுவும் மாத்திரையில சேருமுங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பல வருஷம் போட்டா அபூர்வமா இப்படி வரும். கேன்சர் இல்லை. ஆனா உடைஞ்சா உள்ளேயே ரத்தம் கொட்டும். இன்னையோட நிறுத்திடுங்க, சுருங்குதான்னு பார்ப்போம்."

ஏற்காடு பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்தது. சாயும்போதெல்லாம் விலாவை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அவருடைய ஈரலை நினைத்தல்லவா பயந்துகொண்டிருந்தேன்! என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து கத்தினார்.

"ஏனுங்க டிரைவர், கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அது ஏற்கெனவே ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.