ஒரு கையால் தூக்கக்கூடிய பூச்சாடி

அத்தானின் வீட்டிலிருந்து நான் எடுத்துவந்தது ஒரேயொரு பொருள். மண்ணிறத்தில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பூச்சாடி, அதில் ஊன்றுகோல் மாதிரி நிமிர்ந்து நின்ற ஒரு தண்டு. இலை ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் பட்டுப்போன தடி என்று குப்பையில் போட்டிருப்பார்கள். விட்பியிலிருந்து வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீடு வரைக்கும் அதைக் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ற்றும் போட்டுக் கொண்டுவந்தேன். வாசலில் இறக்கும்போது என் கணவர் தூக்கப் பிடிக்க ஓடிவந்தார். நான் ஒரு கையால் எடுத்துக் காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். அந்தச் செடி ஒருகாலத்தில் எவ்வளவு பாரம் என்பது எங்கள் இருவருடைய இடுப்புக்கும் தெரியும்.

அது என் அக்காவின் செடி. அக்காவும் அத்தானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் இத்தாலிய வீட்டுக்காரியின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தார்கள். அவளுடைய முற்றத்தில் ஆளுயரத்துக்கு அந்த மரம் நின்றது. எக்காளம் மாதிரி நீண்ட பூக்கள், அத்தனையும் நிலத்தைப் பார்த்துத் தொங்கும். பகலில் வாசம் இராது. பொழுதுபட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். ஆங்கிலத்தில் அதைத் தேவதைகளின் எக்காளம் என்பார்கள். அக்கா வீடு மாறியபோது வீட்டுக்காரி ஒரு கொப்பை முறித்துக் கையில் கொடுத்தாள். ஊறுகாய்ப் போத்தலில் தண்ணீர் விட்டு வைத்த அந்தக் கொப்பு வேர்விட்டு, சாடிக்குச் சாடி மாறி, கடைசியில் அவர்கள் விட்பியில் வீடு வாங்கியபோது பீப்பா அளவு பெரிய மண்சாடியில் மரமாகவே வந்து இறங்கியது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செடியைப் பிள்ளை போல வளர்த்தாள் என்று நான் எழுதினால் அக்கா எழும்பிவந்து குட்டுவாள். அந்தப் பேச்சு அவளுக்கு அறவே பிடிக்காது. பூ பிடித்திருந்தது, வளர்த்தாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அந்தச் செடியைக் கண்ணில் காட்டக் கூடாது. அது ஊமத்தை இனம். இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. கை கழுவாமல் கண்ணைக் கசக்கினால் பார்வை மங்கிவிடும். சிவன் கோயிலில் இருக்கவேண்டியதை ஏன் வீட்டுக்குள் வைக்கிறாய் என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். அதற்கு அக்கா சிரிப்பாள். அத்தான்தான் இடையில் புகுந்து, விசமில்லாத ஆள் ஆர் மாமி, கவனமாய்ப் பழகினால் சரி என்பார். அத்தான் செடியைச் செடி என்று சொன்னதே இல்லை. 'உந்த ஆள்' என்பார். 'உந்த ஆளுக்குத் தண்ணி விட்டாச்சோ?', 'உந்த ஆளுக்குக் குளிரப்போகுது.' கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நின்றபடியே வேலைசெய்து கால் வீங்கி வருகிற மனிதர், வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதல் அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அந்த மரத்துக்கு உறைபனி ஆகாது. ஓரிரவு பட்டாலும் இலை அவித்த கீரை மாதிரிக் கறுத்துவிடும். ஆகவே ஒக்டோபரில் இரவுக் குளிர் இறங்குகிறது என்று ரேடியோவில் சொன்னதும் அக்காவிடமிருந்து அழைப்பு வரும். நானும் கணவரும் அந்தச் சனிக்கிழமையே விட்பிக்குப் போவோம். மரத்தைப் பேஸ்மென்ற்றுக்கு இறக்குவது நான்கு பேருடைய வேலை. முதலில் இலைகளின் அடியில் வெள்ளை ஈ இருக்கும் என்று அக்கா தண்ணீர் பீச்சிக் கழுவுவாள். பிறகு பழைய போர்வையைச் சாடியின் அடியில் செருகி, புல்லின் மேலால் இழுத்து, பக்கக் கதவுவரை கொண்டுவருவோம். படிகளில்தான் கண்டம். கீழே நிற்பவருக்குத்தான் பாரம் முழுவதும். அந்த இடத்தை அத்தான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க, என் கணவர் மேலிருந்து தாங்கிப் பிடிக்க, நான் கொப்புகள் முறியாமல் அணைத்துக்கொண்டு வர, அக்கா கீழே நின்று கட்டளை போடுவாள். தூக்குகிறவர்களைவிட அவளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கும்.

அது முடிந்ததும் கூழ். பனங்கிழங்கு ஒடியல் மாவும் நண்டும் இறாலும் மீன்தலையும் பலாக்கொட்டையும் போட்டு அக்கா காலையிலேயே பெரிய பானையில் காய்ச்சி வைத்திருப்பாள். கூழ் ஓர் ஆளுக்கென்று காய்ச்சுகிற சாப்பாடு அல்ல. அதற்கு ஆட்கள் வேண்டும். மண் ஒட்டிய கையைக் கழுவி, கழுவியது போதாது என்று அக்கா திருப்பி அனுப்ப மறுபடியும் கழுவி, கராஜில் கதிரைகளைப் போட்டு இருந்து மூக்கு ஒழுக ஒழுகக் குடிப்போம். தீபாவளி, பொங்கல் எல்லாம் இந்த நாட்டில் வேலை நாளில் வந்து வந்து தேய்ந்துபோயின. எங்கள் குடும்பத்துக்கு உண்மையான பண்டிகை அந்தச் சனிக்கிழமைதான் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

உள்ளே இறக்க முதல் மரத்தை வெட்டிக் குறுக்க வேண்டும். அதற்கு அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். அந்தச் செடி முதலில் ஒற்றைத் தண்டாக நேரே வளரும். நெஞ்சளவு வந்ததும் இரண்டாகப் பிரிந்து கவை விடும். கவைக்கு மேலே உள்ள கொப்புகளில்தான் பூ வரும். எவ்வளவும் வெட்டலாம், ஆனால் கவைக்குக் கீழே வெட்டினால் அது மறுபடியும் முதலிலிருந்து தண்டு வளர்த்து, கவை விட்டு, பிறகுதான் பூக்கும். அதற்குள் கோடை முடிந்துவிடும். அத்தானின் கையில் கத்தியைக் கொடுக்கும் போதெல்லாம் அவள் கவையின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பாள். 'இஞ்சை மட்டும் வேண்டாம்' என்பாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார்.

ஒரு வைகாசியில் அக்கா போய்விட்டாள். வருத்தம் தெரிந்து சில மாதங்கள்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட மரத்தை வெளியே வைத்தாயிற்றா என்று கேட்டாள். நான்தான் போய் அத்தானுடனும் கணவருடனும் சேர்ந்து அதை வெளியே எடுத்தேன். அந்தக் கோடை முழுவதும் அது முன்னெப்போதும் இல்லாத மாதிரிப் பூத்தது. அத்தான் மாலையில் அதன் கீழே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார் என்று அயலவர்கள் சொன்னார்கள்.

ஒக்டோபர் வந்தது. ரேடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நாங்களும் போகவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போகவேண்டும், கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போகவேண்டும். ஆண்டுத்திவசம் முடியாத வீட்டில் கூழ் காய்ச்சிக் கூடியிருந்து குடிப்பது கொண்டாட்டமல்லவா, அத்தான் சொல்லாமல் நாங்களாகப் போய் இறங்குவது அழகா என்று அம்மா கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அங்கே அத்தான் என்ன நினைத்தாரென்றால், தன்னுடையது செத்த வீடு, செத்த வீட்டுக்காரன் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது, வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள் என்று. நாங்கள் அதை நல்ல காரியமென்று அழைப்புக்குக் காத்திருந்தோம். அவர் கெட்ட காரியமென்று அழைக்காமல் காத்திருந்தார். இரண்டு பக்கமும் முறை தவறவில்லை.

அடுத்த வைகாசியில் ஆண்டுத்திவசத்துக்குப் போனபோதுதான் மரத்தைப் பார்த்தேன். ஐயர் போய், வந்தவர்களும் போய், நான் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். பெரிய மண்சாடியின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை. அதன் பக்கத்திலிருந்து ஒற்றைத் தண்டு ஒன்று பச்சையாகக் கிளம்பியிருந்தது. கவை இல்லை. பின்னால் வந்து நின்ற அம்மா, அவள் போனது அதுக்கும் தெரிஞ்சிருக்கு என்று கண்ணைத் துடைத்தார். செடிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தெரியாது. கத்தி பட்ட இடம் கத்தி பட்ட இடம் மாதிரியே இருந்தது. அம்மா உள்ளே போனதும் நான் அத்தானைக் கேட்டேன். அக்கா சொன்னது நினைவில்லையா என்று கொஞ்சம் உறைப்பாகத்தான் கேட்டேன்.

அவர் சாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நினைவில்லாமல் என்ன பிள்ளை. தனியத் தூக்கிப் பாத்தன், ஏலேல்லை. மண்ணையும் பாதி அள்ளி வெளியிலை போட்டன், அப்பவும் ஏலேல்லை. அண்டிரவு பனி எண்டு சொல்லிப்போட்டாங்கள்." பிறகு, "செத்துப்போறதிலும் பாக்கப் பூக்காமல் இருக்கட்டும் எண்டு வெட்டித்தான் உள்ளுக்கு இறக்கினன்" என்றார்.

எங்களை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். நீங்கள் ஒரு நடை வந்திருக்கலாமே என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. "இரும், தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டு நாங்கள் யாரையும் கேட்கவில்லை. குளிர் இறங்கியதும் நானே கூழைக் காய்ச்சி, பானையைக் காரின் பின்னால் கட்டி வைத்து, இருவருமாக விட்பிக்குப் போனோம். கணவர் இடுப்புப் பட்டிகூட வாங்கிப் போட்டிருந்தார். அத்தான் கதவைத் திறந்து, எங்களையும் பானையையும் பார்த்துச் சிரித்தார். மரம் எங்கே என்று கேட்டால், "உந்த ஆள் உள்ளுக்கு வந்திட்டார்" என்று ஜன்னலோரம் காட்டினார். வேரைச் சுற்றி வெட்டி, அதை மண்ணிறப் பிளாஸ்ரிக் சாடிக்கு மாற்றியிருந்தார். தண்டையும் வெட்டியிருந்தார். கெட்டிக்காரத்தனம் காட்டுகிற சின்னப்பிள்ளை மாதிரி அதை ஒரு கையால் தூக்கிக் காட்டி, "பாத்தீரே, ஒருத்தரும் தேவையில்லை இப்ப" என்றார். கணவர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகுதான் கவனித்தேன். மூன்று பேர் இருக்கும் சோபாவைக் காணவில்லை, யாருக்கோ கொடுத்துவிட்டாராம். சாப்பாட்டு மேசையும் இல்லை, குசினி மூலையில் ஒரு மடக்கு மேசை. அடுப்பில் ஒரு நேரத்துக்குச் சோறு அவிக்கிற சின்னச் சட்டி. அக்காவின் கூழ்ப்பானை கராஜில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வீட்டில் இருந்த எல்லாம் ஓர் ஆள் தனியே தூக்கி வைக்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டன. நான் கொண்டுபோன கூழில் ஒரு கோப்பை குடித்தார். நல்லாயிருக்கு என்றார். இன்னும் விடவா என்று கேட்டதற்கு, காணும் பிள்ளை என்றார். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இரண்டு நாள் நாங்கள் குடித்தோம்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் போனோம். ஒவ்வோர் ஆண்டும் அவர் எங்களை முந்திவிடுவார். ஒருமுறை உறைபனிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போதே போனோம். அன்றும் செடி உள்ளேதான் இருந்தது. கோடையில் தண்டு நெஞ்சுயரம் வளரும், கவை விட எத்தனிக்கும், அதற்குள் அவர் வெட்டி எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அக்கா போன கோடைக்குப் பிறகு அவருடைய கையில் அது ஒருநாளும் பூக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், ஒரு வருசமெண்டாலும் அதை வளர விடுங்கோ, நாங்கள் வந்து தூக்கித் தாறம்" என்று கெஞ்சினேன்.

"பாரத்தைக் கூட்டிப்போட்டு ஏன் பிள்ளை ஆக்களை மினக்கெடுத்துவான்" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். உதவி கேட்கத் தெரியாத மனிதர்கள் மேல் நமக்கு முதலில் மதிப்பு வருகிறது, பிறகு எரிச்சல் வருகிறது, கடைசியில் பயம் வருகிறது. எனக்கு அந்த மூன்றும் வந்தன.

அவர் ஒரு மாசி மாதத்தில் இதயம் நின்று இறந்தார். ஸ்னோவை வழித்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்து இருந்தவர் எழும்பவில்லை. மண்வாரியைக்கூடக் கதவோரம் ஒழுங்காகச் சாத்தி வைத்திருந்தார். அந்தச் செடி இப்போது எங்கள் பின்வளவில் கோடைகளைக் கழிக்கிறது. நான் வெட்டவில்லை. சாடியையும் பெரிதாக்கிவிட்டேன். போன கோடையில் கவை விட்டது, இந்தக் கோடையில் ஐந்தாறு பூவும் பூத்தது. அக்காவின் அதே பூ, அதே வாசம். அதைக் காட்டுவதற்குத்தான் இரண்டு பேருமே இல்லை. வாசம் வருகிற மாலைகளில் நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்திருக்கிறேன்.

அவரைக் கொண்டுபோன நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். பத்துப் பதினைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்துச் சின்ன மண்டபம்தான் எடுத்திருந்தோம். வந்தவர்கள் மண்டபம் கொள்ளாமல் வாசலிலும் நடைபாதையிலும் நின்றார்கள். தொழிற்சாலையில் அவரோடு நின்று வேலைசெய்தவர்கள், தெருவின் அந்தக் கோடி வரைக்குமான அயலவர்கள், அவர் யாருக்கோ ஏதோ செய்துகொடுத்திருந்ததால் வந்தவர்கள். யாரும் யாருக்கும் சொல்லி வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, "ஒருநாளும் ஒண்டும் கேக்காத மனுசன், தங்கச்சி" என்று அழுதார். கிரியை முடிந்து பெட்டியை மூடியதும், சக்கரம் வைத்த வண்டி இருக்கிறது, தூக்கத் தேவையில்லை என்று மண்டபத்து ஊழியர் ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஆட்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் ஒரேயடியாக வந்து கைகொடுத்தார்கள். தள்ளுப்பட்டு, இடம் பிடித்து, ஒருவர் கைக்கு மேல் ஒருவர் கைவைத்து, அத்தானைத் தோளுக்குத் தூக்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு தூக்கவென்றே விட்பிக்குப் போய்வந்த என் கணவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குக் கைவைக்க இடம் கிடைக்கவில்லை.