பின்பக்க ஷாக்கில் தேங்காய் எண்ணெய்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னிடம் ரிமோட்டில் ஓடும் ட்ரக் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டியின் நீளம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். காடு, மேடு, கல், மண் எதிலும் ஓடும். அதே வண்டி, அதே நிறத்தில், என் மனைவியின் தம்பியிடமும் உண்டு. எங்கள் முறைப்படி அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள வேண்டிய உறவு இது. ஒரு வாரம் கேலி இல்லாமல் போனால் இரண்டுபேருக்கும் என்ன சண்டை என்று வீட்டில் விசாரிப்பார்கள்.

அவன் தாடிக்கொம்பில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். தை பிறந்ததும் புதுமனை புகுவிழா. வாசலில் வைக்க ஃப்ளெக்ஸ் பேனர், பதினாறுக்குப் பத்து அடி, உறவினர் எல்லோருடைய படங்களோடும். அந்தப் பேனரை முன்னிட்டுத்தான் மார்கழி முதல் வாரத்தில் பந்தயம் கட்டினோம். அவனுடைய மோட்டார் ரூமிலிருந்து கிளம்பி, உழுத காட்டில் மூன்று வரப்புகளைத் தாண்டி, புது வீட்டருகே கொட்டியிருந்த எம்சாண்ட் குவியலில் ஏறி இறங்க வேண்டும். தோற்றவனின் எந்தப் படம் பேனரில் வர வேண்டும் என்பதை ஜெயித்தவன் முடிவு செய்வான்.

என்னிடம் இருந்தது, பழனியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, கன்னம் நிறையப் பஞ்சாமிர்தத்துடன் அவன் விழிக்கும் படம். அவனிடம் இருந்தது, ஒரு கல்யாணப் பந்திக்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் தூங்கிய படம். தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கண்ணாடி நெற்றியில் இருக்கும். வாயைப் பற்றி நானே எழுத விரும்பவில்லை. அலுவலகத்தில் என்னைக் கண்டால் இளையவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள்; அவர்களில் நான்கு பேருக்கு அந்த விழாவுக்கு அழைப்பு இருந்தது. ஆகவே நான் தோற்க முடியாது.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் ஷாக் அப்சார்பர்கள் போதவில்லை. ஓரடி உயரத்திலிருந்து போட்டால் வண்டி மூன்று முறை துள்ளியது. பத்துத் தடவை போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அலுமினிய ஷாக் நான்கு வரவழைத்தேன். அதன் சூட்சுமம் எளியது. ஊசி மருந்துக் குழாய் போன்ற ஒரு உருளை, அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு வில்லை. சக்கரம் கல்லில் ஏறினால் வில்லை மேலே போகும். எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மறுபக்கம் வர முடியும் என்பதால் ஸ்பிரிங் துள்ளாமல் நிதானமாகத் திரும்பும். முன்பக்கத்துக்குக் கெட்டியான சிலிகான் எண்ணெய், பின்பக்கத்துக்கு மெல்லியது. பார்சலைப் பிரித்தபோது மெல்லிய எண்ணெயின் மூடி கழன்று, புட்டியின் அடியில் ஒரு ஸ்பூன் அளவே மிச்சமிருந்தது. மறுபடி வரவழைக்க நாள் இல்லை.

அதனால் அந்த ஒரு ஸ்பூனை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். காது மருந்தின் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, பத்துச் சொட்டு விழ எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்தேன். பிறகு வீட்டில் இருந்த எண்ணெய்களை வரிசையாகப் பார்த்தேன். விளக்கெண்ணெய் விழவே யோசித்தது. நல்லெண்ணெய் சுமாராக ஒத்துவந்தது. ஆனால் அடுப்படிச் சாமானைத் தொடக்கூடாது என்று எனக்கு நிரந்தர உத்தரவு உண்டு. தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட அதே விநாடி. நிறமும் இல்லை. மனைவியின் தலைக்கு வைக்கும் புட்டியிலிருந்து இரண்டு ஷாக்கையும் நிரப்பினேன். தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன். பின்பகுதியை அழுத்திவிட்டால், தூங்கி எழுந்த பூனை முதுகை நிமிர்த்துவதுபோல் எழுந்தது. எண்ணெய், அளவு, விநாடி, ஸ்பிரிங்கின் நீளம் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினேன். நேரம் பிற்பகல் இரண்டரை என்றும் எழுதியிருக்கிறேன்.

மாலையில் மனைவி புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: “கேட்கவில்லை. நல்லது.”

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தான். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என்று பேசியிருந்ததைக் காலை ஆறரைக்கு மாற்றலாமா என்றான். மாலையில் டைல்ஸ் ஆட்கள் வருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை எந்த டைல்ஸ் ஆள் வருவான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். காலை நேரத்தில் எனக்குக் கை நடுங்காது என்று பெருமையாகச் சம்மதித்தேன்.

முந்தின இரவு வண்டி பால்கனியில் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகும்வரை வண்டிப் பெட்டியை மனைவியே மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் என் பின்னால், குளிருக்குத் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்து வந்தாள். இவ்வளவு ஒத்துழைப்பு எனக்குப் புதிது.

வண்டிகள் கிளம்பின. முதல் வரப்பில் என் வண்டியின் முன்பக்கம் பதமாக ஏறியது. பின்பக்கம் ஏறவில்லை, உதைத்தது. சிலிர்த்துக்கொண்ட ஆட்டுக்கிடாபோல் பின்னங்கால் இரண்டையும் தூக்கி, மூக்கால் மண்ணைக் கிளறியது. நிமிர்த்தி விட்டேன். இரண்டாவது வரப்பில் குட்டிக்கரணம். ஓடிப்போய்ப் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. கல்லாக நின்றது. அதற்குள் அவன் வண்டி எம்சாண்ட் குவியலில் ஏறி இறங்கி, சாவகாசமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“மச்சான், வண்டிக்குச் சளி புடிச்சிருக்கு போல. செத்த நேரம் வெயில்ல வைங்க, சரியாப் போயிரும்” என்றான் மாப்பிள்ளை.

வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் காலையில் நடப்பது அதுதான். உறைந்து வெள்ளையாக நிற்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை மனைவி மாடிப்படியில், வெயில் விழும் இடத்தில் வைப்பாள். இருபத்தாறு வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் அலுவலகம் போகிறேன். ஷாக்கின் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே மெழுகுபோல் இறுகி, தண்டு அதில் நட்டுவைத்ததுபோல் நின்றது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெருமாள் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் காட்டிக்குடுக்கல. காலைல எண்ணெய் ஒறைஞ்சு போகுதுடான்னு தம்பிகிட்டப் பொதுவாச் சொன்னேன். அம்புட்டுத்தான்” என்றாள்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தூங்கும் படம் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனது. ஆனால் ஒரு சிக்கல். இந்தப் பேனர்களில் கணவன் மனைவியை ஜோடியாகத்தான் போடுவார்கள். அந்த வாய்க்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்று மனைவி மறுத்து, தன் படத்தை இரண்டு அத்தைமாருக்கு நடுவில் போடச் சொல்லிவிட்டாள். நான் வலது மூலையில் தனியாளானேன். என்னைச் சுற்றி இடம் காலியாக இருக்கிறதே என்று, கடைக்காரர் தன் கலையார்வத்தில் படத்தை ஒரு முட்டை வடிவத்துக்குள் அடக்கி, சுற்றிலும் மல்லிகைச் சரம் வரைந்திருந்தார். சரிபார்க்க என்னிடம் அனுப்பினார்கள். ‘புதுமனைப் புகுவிழா’ என்று இருந்ததில் ஒரு ‘ப்’ அதிகம். அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

விழா நாளன்று காலை எட்டரைக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், மாப்பிள்ளையின் சம்சாரம் வழியில் தூரத்துச் சொந்தம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் பேனரை அண்ணாந்து பார்த்தார். மூடிய கண்கள், சாய்ந்த தலை, சுற்றிலும் மல்லிகை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பன்னீர்ச் செம்போடு நின்ற என் மனைவியிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏனுங்கம்மிணி, மூலைல இருக்கறாரே, அவரு எப்பத் தவறுனாருங்க? எங்களுக்கு ஒரு சேதி இல்லீங்களே.”

நான் அவளுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றேன். “வணக்கம், காப்பி எடுத்துக்கங்க” என்றேன். அவர் காப்பியை எடுக்கவில்லை.

என் மனைவியின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரமே இருந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த தம்பியைக் கூப்பிட்டு, “ஏணிய எடுடா” என்றாள். அவன் பெயின்டர் விட்டுப்போன ஏணியில் ஏறி, வேட்டி அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியால் என்னைச் சதுரமாக வெட்டி எடுத்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“மச்சான், இப்ப ஜெயிச்சது யாரு?” என்று மேலேயிருந்து கேட்டான். கீழே பார்த்து இறங்கு மாப்ள என்றேன்.

வெட்டிய சதுரத்தை என்ன செய்வது என்பதில் பெண்களுக்குள் பெரிய ஆலோசனை நடந்தது. உயிரோடு இருப்பவர் படத்தைக் கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பையில் போடவே கூடாது. கடைசியில் மனைவி அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது பீரோவில் பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் சேலை எடுக்கும்போது நான் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் பார்க்காததுபோல் கதவைச் சாத்துகிறாள்.